மரினோவின் கதவு

டப்ளின் நகர மையத்திலிருந்து வடகிழக்கே சுமார் மூன்று கிலோமீட்டர் போனால் மரினோ. வரிசை வீடுகளும் வேலிச்செடிகளும் புல்வெளித் திடல்களுமான அந்தப் புறநகரின் ஓரத்தில், சுற்றுப்புறத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், கிரேக்கக் கோயில் போன்ற ஒரு கட்டடம் நிற்கிறது. பெயர் கசினோ. சூதாட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை; இத்தாலிய மொழியில் சிறு வீடு என்று பொருள். இளவயதில் ஒன்பது ஆண்டுகள் ஐரோப்பாவைச் சுற்றித் திரும்பிய சார்லமான்ட் பிரபு, தன் தோட்டத்தில் பொழுதைக் கழிப்பதற்காகக் கட்டிக்கொண்டது அது. வடிவமைத்த வில்லியம் சேம்பர்ஸ் அயர்லாந்துக்கு ஒருமுறைகூட வரவில்லை. 1750களின் இறுதியில் தொடங்கிய வேலை 1775 வாக்கில்தான் முடிந்தது.

அந்தக் கட்டடமே ஒரு கண்கட்டு வித்தை. வெளியே நின்று பார்ப்பவருக்கு அது ஒரே அறை கொண்ட ஒற்றைத் தளக் கோயில். உள்ளே மூன்று தளங்களில் 16 அறைகள். கூரை விளிம்பில் அலங்காரத்துக்கு வைத்ததாகத் தெரியும் கல் கலசங்கள் உண்மையில் புகைபோக்கிகள். தூண்களில் சில உள்ளீடற்றவை. கூரை மழைநீர் அவற்றின் வழியே இறங்குகிறது. வாசலில் ஓர் ஆளைப்போல் பலமடங்கு உயரமான கதவு. ஆனால் அது முழுவதும் திறக்காது. கீழ்ப்பகுதியில் ஆள் நுழையும் அளவு மட்டுமே திறக்கும், மற்றதெல்லாம் தோற்றம்.

இந்தப் பிரபுவின் தோட்ட நிலத்தில்தான் 1920களில் சுதந்திர அயர்லாந்தின் முதல் பெரிய பொது வீட்டுத் திட்டம் எழுந்தது. மரினோவைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் அதன் வரைபடத்தைப் பாராட்டுவார்கள். பாராட்டத் தகுந்த வரைபடம்தான். ஆனால் மரினோவை ஒரு சமூகமாக்கியதில் கோடுகளுக்கும் வளைவுகளுக்கும் இருந்த பங்கைவிட, சாவி யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற முடிவின் பங்கு பெரிது. அந்த ஊரின் பலமும் குறையும் அந்த ஒரே முடிவிலிருந்து வந்தவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒண்டுக்குடித்தன நகரம்

1801-இல் அயர்லாந்தின் நாடாளுமன்றம் பிரிட்டனோடு இணைக்கப்பட்டது. டப்ளினில் மாளிகை வைத்திருந்த பிரபுக்களுக்கு அங்கே இனி வேலையில்லை. ஒவ்வொருவராக லண்டனுக்கும் தங்கள் பண்ணைகளுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் விட்டுப்போன பெரிய வீடுகள் கைமாறி, தரமிறங்கி, அறை அறையாகத் தடுக்கப்பட்டு வாடகைக்கு விடப்பட்டன. ஒண்டுக்குடித்தனம் என்று நாம் சொல்வோமே, அதன் உச்சகட்ட வடிவம். ஹென்ரியட்டா தெருவின் 14ஆம் எண் வீடு இதற்கு நல்ல சான்று. 1740களில் ஒரே பிரபுக் குடும்பத்துக்காகக் கட்டப்பட்ட அந்த வீட்டில், 1911 மக்கள்தொகைக் கணக்கின்படி 17 குடும்பங்கள், 100 பேர் வசித்தார்கள். வேலைப்பாடு மிகுந்த சுதைக் கூரைக்குக் கீழே பலகைத் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். 2018 முதல் அந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது.

1913 செப்டம்பர் 2-ஆம் தேதி இரவு சர்ச் தெருவில் இத்தகைய வீடுகள் இடிந்து விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். அரசு விசாரணைக் குழு அமைத்தது. 1914-இல் வெளிவந்த அறிக்கை, 25,822 குடும்பங்கள் ஒண்டுக்குடித்தன வீடுகளில் வாழ்வதாகவும், அவற்றில் 20,108 குடும்பங்களுக்கு இருப்பது ஒற்றை அறை மட்டுமே என்றும் கணக்குக் காட்டியது. இன்னொன்றையும் அது வெளியே கொண்டுவந்தது: வீடுகளைச் சோதித்து ஒழுங்குபடுத்த வேண்டிய மாநகராட்சியின் உறுப்பினர்களில் சிலரே அவற்றின் சொந்தக்காரர்கள். வேலியே பயிரை மேய்ந்த கதை.

வீடு இடிந்த அதே வாரங்களில் டப்ளினில் தொழிலாளர்களை ஆலைக் கதவுக்கு வெளியே நிறுத்திய பெரும் கதவடைப்பும் நடந்துகொண்டிருந்தது. ஜிம் லார்கினின் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கம் அந்த ஆண்டு குரோய்டன் பார்க் என்ற பழைய மாளிகையையும் அதன் தோட்டத்தையும் குத்தகைக்கு எடுத்திருந்தது. ஒற்றை அறையில் அடைந்து கிடக்கும் தொழிலாளர் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மூச்சுவிட ஓர் இடம் வேண்டும் என்பது நோக்கம். அதே புல்வெளியில்தான் தொழிலாளர்களின் ‘ஐரிஷ் குடிமக்கள் படை’ அணிவகுப்புப் பயிற்சியும் செய்தது. அந்தத் தோட்டம் இன்று மரினோவுக்குள் அடக்கம். குரோய்டன் பார்க் அவென்யூ என்ற தெருப்பெயராக எஞ்சியிருக்கிறது. பெரிய மனிதர்களின் தோட்டத்தில் உழைப்பவர்களுக்கு இடம் வேண்டும் என்ற எண்ணம், மாநகராட்சி அங்கே செங்கல் வைப்பதற்குப் பத்தாண்டுகள் முன்பே காலூன்றிவிட்டது.

கெடிஸும் எம்டனும்

அந்த வீட்டு விசாரணையில் சாட்சியம் சொன்னவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ். தாவரவியலாளராகத் தொடங்கி நகரத் திட்டச் சிந்தனையாளர் ஆனவர். அயர்லாந்தின் அரசப் பிரதிநிதியாக இருந்த அபர்டீன் பிரபுவும் அவர் மனைவியும் அவரை ஆதரித்தார்கள். 1914 கோடையில் டப்ளினில் நடந்த நகரியல் கண்காட்சியில் கெடிஸ் தன் வரைபடங்களையும் மாதிரிகளையும் பரப்பிவைத்தார். தோட்ட நகர இயக்கத்தின் முன்னணிக் கட்டடக்கலைஞர் ரேமண்ட் அன்வினும் வந்திருந்தார். மாநகராட்சியின் வீட்டுத் திட்டங்களை இருவரும் ஆராய்ந்து யோசனை சொன்னார்கள். நெருக்கத்தைக் குறை, ஒவ்வொரு வீட்டுக்கும் வெயிலும் தோட்டமும் கொடு என்பதே அதன் சாரம். மரினோ நிலமும் அந்தப் பரிசீலனையில் இருந்தது. ஆகஸ்டில் உலகப்போர் மூண்டது. திட்டங்கள் பெட்டிக்குள் போயின.

இங்கேதான் கதை நம் கடற்கரைப் பக்கம் திரும்புகிறது. அபர்டீன் பிரபுவின் மருமகன் பென்ட்லண்ட் பிரபு, அப்போது சென்னை மாகாண ஆளுநர். மாமனார் டப்ளினில் ஆதரித்த அறிஞரை மருமகன் சென்னைக்கு அழைத்தார். கெடிஸ் ஒரு கப்பலில் வர, கண்காட்சிப் பொருள்கள் கிளான் கிரான்ட் என்ற சரக்குக் கப்பலில் ஏறின. 1914 அக்டோபரில் அந்தக் கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் இந்தியப் பெருங்கடலில் மூழ்கடித்தது. ஒரு மாதம் முன்பு, செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன அதே எம்டன். ‘அவன் பெரிய எம்டனாச்சே’ என்று தமிழில் இன்றும் புழங்கும் அந்தப் பெயர், டப்ளின் ஏழைகளின் வீட்டுக் கனவுக்காக விரிக்கப்பட்ட வரைபடங்களையும் கடலுக்கு அடியில் அனுப்பியது.

நண்பர்கள் அவசரமாகத் திரட்டி அனுப்பிய மாற்றுப் பொருள்களைக்கொண்டு 1915 ஜனவரியில் கெடிஸ் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். பிறகு மதுரை, தஞ்சாவூர் உள்ளிட்ட ஊர்களைக் கால்நடையாகச் சுற்றி அறிக்கைகள் எழுதினார். பழைய தெருக்களை இடித்துத் தள்ளுவதைவிட, தேவையான இடத்தில் மட்டும் கத்தி வைக்கும் அறுவைச் சிகிச்சையே நல்லது என்ற அவருடைய புகழ்பெற்ற வாதம் இந்த அறிக்கைகளில்தான் தெளிவாக உருவெடுத்தது. 1920-இல் சென்னை மாகாணத்துக்கு நகரத் திட்டச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1923 முதல் மாம்பலத்தில் உருவானது தியாகராய நகர். டப்ளின் மரினோவும் சென்னை தி.நகரும் கிட்டத்தட்ட ஒரே வயது.

ஏக்கருக்குப் பன்னிரண்டு

போர், 1916 எழுச்சி, விடுதலைப் போராட்டம், உள்நாட்டுப் போர் என எல்லாம் கடந்து மரினோ நிலத்தில் வேலை தொடங்க 1924 ஆயிற்று. 1922-இல் புதிய அரசு ‘பத்து லட்சம் பவுண்டுத் திட்டம்’ ஒன்றை அறிவித்திருந்தது: பாதி அரசு தரும், மீதியை உள்ளாட்சிகள் வரியிலிருந்தும் கடனிலிருந்தும் திரட்ட வேண்டும். 1924 மே மாதம் டப்ளின் மாநகராட்சியையே அரசு கலைத்துவிட்டு மூன்று ஆணையர்களிடம் நகரை ஒப்படைத்தது. 1930 வரை அவர்கள் ஆட்சி. ஆகவே மரினோவின் பெரும்பகுதி, வாக்குக் கேட்டு வந்த எவருடைய தலையீடும் இல்லாமல் கட்டப்பட்டது. நகரக் கட்டடக்கலைஞர் ஹொரஸ் ஓ’ரூர்க்கின் அலுவலகம் பொறுப்பேற்றது.

1,200-க்கும் மேற்பட்ட வீடுகள். ஏக்கருக்குப் பன்னிரண்டு என்ற அன்வினின் கணக்கு. நீண்ட ஒற்றை வரிசையாக இல்லாமல் சிறு சிறு தொகுதிகளாக வீடுகள்; சமச்சீரான வடிவில் வளையும் தெருக்கள்; நடுவே வட்டத் திடல்கள். வீட்டின் முன்னும் பின்னும் தோட்டம். உள்ளே குளியல் தொட்டி. மாடிப்படிக்கு அடியில் ஊரே பயன்படுத்தும் ஒற்றைக் குழாயையும் கொல்லையில் பல குடும்பங்களுக்குப் பொதுவான கழிப்பறையையும் மட்டுமே அறிந்திருந்த ஒரு பெண்ணுக்கு, கதவைச் சாத்திக்கொண்டு குளிப்பது என்பது எத்தனை பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை.

தெருக்களுக்கு வைத்த பெயர்களிலும் புதிய நாட்டின் குரல் கேட்கிறது. பிரையன் சாலை, மொரோ டெரஸ், டோர்லோ கார்டன்ஸ்: 1014-இல் அருகிலுள்ள கிளான்டார்ஃபில் நடந்த போரில் மாண்ட மன்னர் பிரையன் போரு, அவருடைய மகன், பேரன். வடக்கே இருபுறமும் மரம் வைத்து அகலமாகப் போட்ட சாலைக்கு, 1922-இல் இறந்த தலைவர் ஆர்தர் கிரிஃபித்தின் பெயர்.

வரைபடத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. கிரிஃபித் அவென்யூ, மலஹைட் சாலை போன்ற பெரிய சாலைகளை ஒட்டிய மனைகளை மாநகராட்சி தன் வீடுகளுக்கு எடுத்துக்கொள்ளவில்லை. தனியார் கட்டுநர்களுக்கும் வீடு கட்டும் சங்கங்களுக்கும் ஒதுக்கியது. வருவோர் போவோர் கண்ணில் வசதியான வீடுகள் படும். பின்னால் தொழிலாளர் வீடுகள். இந்த நிலத்துக்கு மறைப்பு விளையாட்டு புதிதல்ல. 1792-இல் சார்லமான்ட் பிரபுவோடு பிணக்குக் கொண்ட ஒருவர், பிரபுவின் கடற்காட்சியை மறைப்பதற்கென்றே மரினோ கிரெசன்ட் என்ற பிறைவடிவ வீட்டு வரிசையைக் கட்டினார் என்று சொல்வார்கள். டிராகுலாவை எழுதிய பிராம் ஸ்டோக்கர் 1847-இல் பிறந்தது அந்த வரிசையின் 15ஆம் எண் வீட்டில்.

சாவி யாருக்கு?

கட்டியாயிற்று. யார் குடிவருவது? இங்கேதான் ஆணையர்கள் ஊரின் தலையெழுத்தை எழுதினார்கள். வீடுகள் வாடகைக்கு விடப்படவில்லை. தவணை கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளும் முறையில் கொடுக்கப்பட்டன. பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பங்களுக்கு முன்னுரிமை. ஆனால் வாரந்தோறும் தவறாமல் தவணை கட்ட நிரந்தர வருமானம் வேண்டும். ஆகவே சாவி கிடைத்தவர்கள் பெரும்பாலும் கைத்தொழில் தேர்ந்தவர்கள், அலுவலக ஊழியர்கள், மாதாமாதமோ வாராவாரமோ சம்பளம் உறுதியாக வருபவர்கள். துறைமுகத்தில் இன்று வேலை, நாளை இல்லை என்று நின்ற கூலிக்காரருக்கு மரினோ எட்டாக்கனி. 1914 அறிக்கை யாருடைய ஒற்றை அறையை எண்ணிக் காட்டியதோ, அவர்களுக்குச் சாவி வரவில்லை.

அதிகாரிகளிடம் இதற்கு ஒரு நியாயம் இருந்தது. சற்று வசதியானவர்கள் வெளியேறினால் அவர்கள் காலிசெய்யும் அறைகள் ஏழைகளுக்குக் கிடைக்கும். மேல்தட்டிலிருந்து தண்ணீர் கீழே இறங்குவது போல. அரசின் கையில் பணமும் குறைவு. விற்றால்தான் போட்ட முதல் திரும்பும். இரண்டும் பொய்யல்ல. ஆனால் காலியான அறை அதே இற்றுப்போன கட்டடத்தின் அறைதானே! 1932-க்குப் பிறகு வந்த அரசு குடிசை ஒழிப்பை முன்னிறுத்தி, தெற்கே கிரம்லின் போன்ற இடங்களில் ஆயிரக்கணக்கான வாடகை வீடுகளைக் கட்டியதே முதல் முறை பெரும்பாலோரைச் சென்றடையவில்லை என்பதற்கு அத்தாட்சி.

ஒரே வயதுப் பிள்ளைகள்

இந்த வடிகட்டல்தான் மரினோவின் சமூக வாழ்வுக்கும் அடித்தளம் என்பது நெருடலான உண்மை. சில ஆண்டு இடைவெளிக்குள், ஒரே வருமான நிலையில், ஒரே மதத்தில், நாலைந்துக்குமேல் பிள்ளைகளோடு நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஓர் ஊரில் வந்து இறங்கினால் என்ன ஆகும்? தெருவெல்லாம் ஒரே வயதுப் பிள்ளைகள். தவணை முடியும்வரை யாரும் கிளம்புவதாக இல்லை. இன்று பக்கத்து வீட்டில் இருப்பவர் இருபது ஆண்டு கழித்தும் அங்கேதான் இருப்பார் என்ற நிச்சயம், சங்கம் வைப்பதற்கும் சண்டையைத் தீர்த்துக்கொள்வதற்கும் எவ்வளவு உதவும் என்பதை வாடகை வீடு மாறி மாறி வாழ்ந்தவர்கள் அறிவார்கள்.

திட்டத்தில் இல்லாதவையும் உண்டு. குடியிருப்புக்குள் கடைகள் மிகக் குறைவு, மதுக்கூடம் கிடையாது. மையத்திலிருந்து புறநகருக்கு வந்த டப்ளின் குடும்பங்களின் நினைவுகளில் திரும்பத் திரும்ப வருவது, விட்டு வந்த தெருவின் இழப்பு: கடன் சொல்லிச் சாமான் வாங்கிய மூலைக்கடை, அவசரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பாட்டி, கைக்கெட்டும் தூரத்தில் சந்தை. சுவர் புதிது, உறவு தூரம். அந்த வெற்றிடத்தை நிரப்பியது திருச்சபை. கிரிஃபித் அவென்யூவில் எழுந்த புனித வின்சென்ட் தே பால் தேவாலயமும் அதையொட்டிய பள்ளிகளும் ஊரின் நடுப்புள்ளி ஆயின. ஞானஸ்நானம் முதல் அடக்கம்வரை, படிப்பு முதல் பந்து விளையாட்டுவரை அதன் வழியாகத்தான். கட்டுப்பாடும் அதன் வழியாகத்தான்; திருச்சபைக்கு ஒத்துவராதவருக்கு இந்த நெருக்கம் இதமாக இருந்திருக்காது.

இந்தச் சூழலில் முளைத்தது செயின்ட் வின்சென்ட்ஸ் விளையாட்டுக் கழகம். தொடக்கம் 1931, பங்கும் பள்ளியும் சேர்ந்து பெற்ற பிள்ளை. விளையாட்டு, கேலிக் கால்பந்தும் ஹர்லிங்கும். அயர்லாந்தில் இவை மாவட்ட மானப் பிரச்சினை. ஆனால் டப்ளின் அணியில் அப்போது வேலை தேடித் தலைநகருக்கு வந்த வெளியூர்க்காரர்கள் நிறைய இருந்தார்கள். டப்ளினுக்கு டப்ளின் பிள்ளைகளே ஆட வேண்டும் என்று வின்சென்ட்ஸ் பிடிவாதம் பிடித்தது. 1953 தேசிய லீக் இறுதியாட்டத்தில் டப்ளின் அணியின் 15 பேரில் 14 பேர் இந்த ஒரே கழகத்தினர். கோல் காப்பாளர் மட்டும் வேறு. அணிந்திருந்ததும் கழகத்தின் சட்டையே. டப்ளின் வென்றது.

அந்த 14 பேரில் ஒருவர் மரினோவில் வளர்ந்த கெவின் ஹெஃபர்னன். 1958-இல் அவர் தலைமையில் டப்ளின் அகில அயர்லாந்துக் கோப்பையை வென்றது. 1974-இல், அணி துவண்டு கிடந்த காலத்தில், மேலாளராக வந்து மறுபடி கோப்பையை வாங்கித் தந்தார். நகரப் பிள்ளைகள் தங்கள் சொந்த விளையாட்டாகக் கேலிக் கால்பந்தை ஏற்றுக்கொண்டதில் அந்த வெற்றிக்குப் பெரும் பங்கு உண்டு. நகரத்தின் ஒற்றைக் கழகம் இத்தனை வீரர்களைத் தந்ததை அதிசயம் என்பார்கள். ஒரே ஐந்தாறு ஆண்டுகளில் பிறந்த நூற்றுக்கணக்கான பையன்கள், ஒரே பள்ளி, நடந்தே சேரும் திடல், இடம்பெயராத பெற்றோர் என்று கூட்டிப் பார்த்தால் அது அதிசயமில்லை, கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டது 1920களின் ஒதுக்கீட்டுப் பட்டியல்.

நூறாண்டுக்குப் பின்

ஒரே நேரத்தில் வந்தவர்கள் ஒரே நேரத்தில் மூப்படைவார்கள். பிள்ளைகள் மணமாகிப் புதிய புறநகர்களுக்குப் போக, வரைபடத்தில் பெரிய குடும்பத்துக்கென்று வரைந்த வீட்டில் ஒற்றை முதியவர் இருந்தார். அவருக்குப் பிறகு வீடு சந்தைக்கு வந்தது. தவணை முடிந்து சொந்தமான வீடு. அடுத்து யார் வரவேண்டும் என்று சொல்ல மாநகராட்சிக்கு உரிமையில்லை. நகர மையத்துக்கு அருகில், கடற்கரைக்கு நடந்துபோகும் தூரத்தில், திடலும் மரமுமாக இருக்கும் இடத்துக்குச் சந்தை என்ன விலை சொல்லுமோ அதைச் சொன்னது. இன்று அங்கே ஒரு வரிசை வீடு ஐந்து லட்சம் யூரோவுக்கு மேல் போவது சாதாரணம். தச்சரும் குமாஸ்தாவும் வாரத் தவணையில் வாங்கிய வீட்டை, அதே வேலை பார்க்கும் அவர்களுடைய கொள்ளுப்பேரன் வாங்க முடியாது.

ஊர் செத்துவிடவில்லை. செயின்ட் வின்சென்ட்ஸின் மைதானம் இன்று மரினோவிலேயே இருக்கிறது. சனிக்கிழமை காலைகளில் ஹர்லிங் மட்டையோடு குழந்தைகள் வருகிறார்கள். பழைய வேலிச்செடி சில வீடுகளில் வெட்டப்பட்டுக் கார் நிறுத்தும் தளமாகியிருக்கிறது. சில வீடுகளில் இன்னும் கத்தரித்து வளர்க்கப்படுகிறது. கடைகளை உள்ளே விடாத பழைய திட்டம் ஒரு விதத்தில் காப்பாற்றியும் இருக்கிறது. ஒரே காலத்துப் பிள்ளையான தி.நகர், குடியிருப்பாகத் தொடங்கி நகைக்கடைக்கும் துணிக்கடைக்கும் இடம்கொடுத்துத் தன் திண்ணைகளை இழந்தது. மரினோ குடியிருப்பாகவே இருக்கிறது. குடியிருக்க முடிந்தவர்கள்தான் மாறிவிட்டார்கள்.

வீட்டு நெருக்கடி அயர்லாந்து அரசியலின் தலைப்பிரச்சினையாகிவிட்ட இந்த நாள்களில், மரினோவைப் போல மறுபடி கட்ட வேண்டும் என்ற குரல் கேட்கிறது. எதைப் போல என்பதுதான் கேள்வி. வளைந்த தெருவும் வட்டத் திடலும் அன்வினின் பழைய புத்தகங்களிலேயே கிடைக்கும். சாவியைத் தருவதற்கான விதியையும், முதலில் வாங்கியவர் போன பிறகு அந்தச் சாவி யார் கைக்குப் போகும் என்பதையும் முதலிலேயே எழுதிவைக்காவிட்டால், எவ்வளவு நல்ல வரைபடமும் ஒரு தலைமுறைக்கான உதவியாக முடிந்துவிடும்.

1984 முதல் கசினோ பொதுமக்களின் பார்வைக்குத் திறந்திருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் முதலில் அண்ணாந்து அந்தக் கதவின் உயரத்தைப் பார்க்கிறார்கள். பிறகு வழிகாட்டி கீழே ஒரு சிறு பகுதியைத் தள்ள, அதன் வழியே ஒவ்வொருவராக உள்ளே போகிறார்கள்.